'ஏறுவேன்' என்ற ஒரு வினையும் ஸ்பானிஷின் மூன்று வடிவங்களும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. உயிர் பிரிந்த இடம் பழநி மலை. அவருக்கு முன்பே, 1845இல், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. தமிழ் வினைச்சொற்களை லத்தீன் வாய்பாட்டிலும் ஆங்கில வாய்பாட்டிலும் அடுக்கிப் பார்த்துக் கற்ற அயல்நாட்டவர் பலர் இந்த மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். இன்று பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. 1901இல் ஹைகிளார்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி இப்போது கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியேட்) பாடத்திட்டத்தை ஏற்ற பள்ளி அது. ஐ.பி. அமைப்பின் அலுவல் மொழிகள் மூன்று: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். முன்பயிற்சி எதுவும் இல்லாத மாணவர் புதிதாகத் தொடங்கக்கூடிய மொழிகளில் ஸ்பானிஷையும் அந்தத் திட்டம் வைத்திருக்கிறது. ஆக, பழநி மலைப் பிள்ளை ஒருவர் ஸ்பானிஷ் வினைத்திரிபை மனப்பாடம் செய்வது இன்று வியப்புக்குரிய செய்தியல்ல.

இந்தக் கட்டுரை அந்த வினைத்திரிபின் ஒரு மூலையைப் பற்றியது: 'கொந்திசியொனால்' எனப்படும் நிபந்தனை வடிவம், அதிலும் ஒழுங்கு வினைகள். ஸ்பானிஷ் பாடநூல்கள் இதை எளிய பாடம் என்று சொல்லி இரண்டு பக்கத்தில் முடித்துவிடும். வடிவத்தைப் பொறுத்தவரை அது உண்மை. பயன்பாட்டைப் பொறுத்தவரை பாதி உண்மைகூட இல்லை. தமிழ் பேசும் மாணவருக்கு இடர் எங்கே வருகிறது, உதவி எங்கே கிடைக்கிறது என்பதை ஆங்கிலத்தின் 'வுட்' என்ற துணைவினை வழியாகப் பார்த்தால் பிடிபடாது. தமிழிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வடிவம். ஸ்பானிஷ் வினைகளின் மூல வடிவங்கள் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்று ஒலிகளில் ஒன்றில் முடியும். நடப்பது 'கமினார்', சாப்பிடுவது 'கொமேர்', ஏறுவது 'சுபீர்'. மற்றக் காலங்கள் பலவற்றில் இந்தக் குலங்கள் வெவ்வேறு விகுதிகளைக் கேட்கும். நிபந்தனை வடிவத்திலோ, எதிர்காலத்தைப் போலவே, மூன்றுக்கும் ஒரே விகுதி வரிசை. வினையின் வாலை வெட்டவும் வேண்டாம். முழுச் சொல்லோடு ஒட்டினால் போதும். நான் நடப்பேன் என்பது கமினரீயா, நீ என்றால் கமினரீயாஸ், அவன் அல்லது அவள் என்றால் மறுபடி கமினரீயா, நாம் என்றால் கமினரீயாமோஸ், நீங்கள் பலர் என்றால் கமினரீயாய்ஸ், அவர்கள் என்றால் கமினரீயான். சாப்பிடுவதற்குக் கொமெரீயா, ஏறுவதற்குச் சுபிரீயா. லத்தீன் அமெரிக்காவில் ஐந்தாவது வடிவம் பேச்சில் இல்லை. அங்கே ஐந்து இடத்துக்கு நான்கு ஒலிவடிவங்களே போதும்.

அழுத்தம் எப்போதும் 'ஈ' மேல் விழும். ஸ்பானிஷ் எழுத்தில் அந்த 'ஈ'யின் தலையில் ஆறு வடிவங்களிலும் தவறாமல் ஒரு சாய்கோடு வரும். அதை விட்டுவிட்டால் எழுத்துப் பிழை. இந்தக் கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் உயிரை நெடிலாக எழுதியிருக்கிறேன். கமினார் என்பதில் நெடிலான 'னா', கமினரீயாவில் குறிலாகி, நீட்டம் 'ரீ'க்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். 'ஈ', 'ஆ' இரண்டும் தனித்தனி அசைகளாக ஒலிக்க வேண்டும் என்பதும் முக்கியம். தமிழருக்கு இதில் பயிற்சியே வேண்டாம். ஈயும் ஆவும் சேரும் இடத்தில் யகரம் உடம்படுமெய்யாகத் தானே வந்து நிற்கும்.

இன்னொரு நல்ல செய்தி: மற்றக் காலங்களில் மாணவரைப் படாதபாடு படுத்தும் வினைகள் பல இங்கே சாதுவாகிவிடுகின்றன. 'இரு' என்ற பொருளுடைய 'செர்' நிகழ்காலத்தில் சோய், ஏரெஸ், எஸ் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறும். நிபந்தனையிலோ செரீயா, செரீயாஸ் என்று வரிசையில் நிற்கிறது. போவதைக் குறிக்கும் 'ஈர்' வினையும் அப்படியே, இரீயா. உண்மையில் அடிச்சொல் மாறும் வினைகள் 12 தான். அவற்றோடு முன்னொட்டுச் சேர்ந்து உண்டானவையும் கூடவே மாறும். 'தெனேர்' தெந்த்ரீயா ஆகும், 'தெஸீர்' திரீயா ஆகும், 'அஸேர்' அரீயா ஆகும். அவற்றிலும் மாறுவது அடிச்சொல்தான், விகுதி மாறாது. எதிர்காலத்தைக் கற்ற மாணவருக்கு அதே 12 அடிச்சொற்கள் முன்பே தெரிந்திருக்கும்.

ஏன் இவ்வளவு ஒழுங்கு? இந்த விகுதி ஒரு காலத்தில் தனி வினையாக இருந்தது. பிற்கால லத்தீன் பேச்சில் மூல வினையோடு 'அபேர்' என்னும் துணைவினையின் இறந்தகாலத்தைச் சேர்த்து, 'சாப்பிட வேண்டியிருந்தது' என்பதுபோல ஒரு தொடரைப் பேசினார்கள். 'கொமேர் அபீயா' தேய்ந்து 'கொமெரீயா' ஆயிற்று. பழைய ஸ்பானிஷில் இரண்டும் முழுதாக ஒட்டாமல் இருந்ததால், 'அதை' என்னும் பெயர் நடுவில் நுழைந்து 'கொமேர் லோ ஈயா' என்று சொல்வதும் வழக்கமாயிருந்தது. 1492இல் சாலமான்காவில் தன் காஸ்தீலிய இலக்கணத்தை அச்சிட்ட அந்தோனியோ தே நெப்ரீஹா, இந்த வடிவங்கள் மூல வினையும் 'அபேர்' வினையும் கூடி உண்டானவை என்பதை அப்போதே கண்டு எழுதிவிட்டார். துணைவினை விகுதியாகக் கரைவதைத் தமிழர் தங்கள் வாயிலேயே கேட்கலாம்: 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' ஆகிறது, 'வந்திருக்கிறான்' என்பது 'வந்திருக்கான்' ஆகிறது.

பெயரில் ஒரு கோளாறு உண்டு, அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். நிபந்தனை வடிவம் என்று பெயர் வைத்திருந்தாலும் இது நிபந்தனையைச் சொல்லும் பகுதியில் வருவதில்லை. 'மழை நின்றால் ஏறுவேன்' என்ற வாக்கியத்தில் நிபந்தனை 'நின்றால்'; ஸ்பானிஷ் நிபந்தனை வடிவமோ 'ஏறுவேன்' இருக்கும் இடத்தில் வரும். வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பெய்யோ 1847இல் எழுதிய இலக்கணத்தில் இதற்கு வேறு பெயர் வைத்தார்: 'பொஸ்ப்ரெதேரிதோ', அதாவது இறந்தகாலத்துக்குப் பிந்தியது. மெக்சிகோவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. ஸ்பெயின் அகாதெமி நெடுங்காலம் இதை 'பொதென்சியால்' என்ற தனி வினைப்பாங்காக வைத்திருந்து, 1973இல் வெளியிட்ட இலக்கண வரைவில் சாதாரண உரைப்பாங்கின் காலங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பெய்யோவின் பெயரே தமிழ் மாணவருக்கு அதிகம் உதவும் என்பேன். காரணம் பின்னால் வரும்.

இப்போது பயன்பாடு. 'ஏறுவேன்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். 'நாளைக்குப் பெருமாள்மலை ஏறுவேன்' என்றால் எதிர்காலம்; ஸ்பானிஷில் சுபிரே. 'சின்ன வயதில் தினமும் பெருமாள்மலை ஏறுவேன்' என்றால் பழைய வழக்கம், ஸ்பானிஷில் சுபீயா. 'கால் வலி மட்டும் இல்லாமல் இருந்தால் இன்றைக்கே ஏறுவேன்' என்றால் இல்லாத நிலையை நினைத்துச் சொல்வது, ஸ்பானிஷில் சுபிரீயா. தமிழில் மூன்றுக்கும் ஒரே வினைமுற்று. தமிழ் கேட்பவருக்கு இதில் குழப்பமே வராது. 'நாளைக்கு', 'சின்ன வயதில்', 'இருந்தால்' என்ற பக்கத்துச் சொற்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்பானிஷில் அந்த வேலை முழுதும் விகுதியின் தலையில். சுபீயா, சுபிரீயா இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு 'இர்' மட்டுமே. அந்த 'இர்' மூல வினையின் வால். அது இருந்தால் நடக்காத ஒன்றின் நினைவு, இல்லாவிட்டால் நடந்த ஒன்றின் நினைவு. மாணவர் தேர்வுத்தாளில் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குவார். ஆங்கிலத்தின் 'வுட்' இதே இரட்டை வேலையைச் செய்வதால் ஆங்கிலம் வழியாகப் போகிறவருக்கும் அதே சறுக்கல். அவரை ஆசிரியர் எச்சரிப்பார், தமிழிலிருந்து வருபவரை எச்சரிக்க அந்த ஆசிரியருக்குத் தெரியாது.

இதற்கு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஸ்பானிஷில் எழுதும் முன் தமிழ் வாக்கியத்தில் 'அப்போதெல்லாம்' என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருள் பழுதுபடாமல் நின்றால் சுபீயா வகை. 'நாளைக்கு' என்பது பொருந்தினால் சுபிரே வகை. 'அது மட்டும் அப்படி இருந்தால்' என்பது பொருந்தினால் சுபிரீயா வகை. இலக்கணக் கலைச்சொல் ஒன்றும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் கைவரும்.

தமிழ் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை ஒன்று ஸ்பானிஷ் பாடநூல்களில் கடைசிப் பக்கத்தில் 'கடினப் பயன்பாடு' என்று ஒளிந்துகிடக்கும். இறந்தகாலத்தைப் பற்றிய ஊகம். 'நேற்று வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றபோது மணி பத்து இருக்கும்' என்று யாரும் சொல்வோம். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சுமாராகச் சொல்கிறோம். நடந்தது நேற்று, வினை எதிர்கால வடிவில். ஸ்பானிஷ்காரர் இதையே 'செரீயான் லாஸ் தியேஸ்' என்பார். 'செர்' வினையின் நிபந்தனை வடிவம், அவர்கள் என்ற இடத்தில். ஆங்கிலம் வழியாக வருபவருக்கு இது புரியாத புதிர். அங்கே எந்த நிபந்தனையும் இல்லையே, ஏன் நிபந்தனை வடிவம் என்று கேட்பார். தமிழருக்கு அது புதிரே அல்ல. நிகழ்கால ஊகத்துக்கு ஸ்பானிஷ் எதிர்காலத்தைப் பயன்படுத்தும்: இப்போது மணி பத்து இருக்கும், 'செரான் லாஸ் தியேஸ்'. இறந்தகால ஊகத்துக்கு நிபந்தனை. தமிழில் இரண்டுக்கும் 'இருக்கும்' போதும். இந்தப் பாடத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'அந்தக் கடையில் அப்போது பத்துப் பேர் இருப்பார்கள்', 'அன்றைக்குச் சௌசௌ கிலோ பத்து ரூபாய் இருக்கும்' என்று மாணவர் தன் வாயில் ஏற்கெனவே உள்ளதைக் கொண்டே தொடங்கலாம்.

எதிரான இடமும் உண்டு. மாமா பண்ணைக்காட்டிலிருந்து போன் செய்து, 'ஆறு மணிக்கு வருவேன்' என்கிறார். அதை நாம் வீட்டில் எப்படிச் சொல்வோம்? 'ஆறு மணிக்கு வருவேன் என்று மாமா சொன்னார்.' அவர் வாயில் வந்தது அப்படியே இருக்கிறது; தன்மை விகுதிகூட மாறவில்லை. 'என்று' ஒரு வேலி போட்டு அவர் பேச்சைக் காப்பாற்றுகிறது. ஸ்பானிஷில் அந்த வேலி கிடையாது. 'சொன்னார்' என்பது இறந்தகாலம் ஆனவுடன் உள்ளே இருக்கும் வருகையும் அதை ஒட்டி நகர வேண்டும்: 'தீஹோ கே யெகரீயா.' வருவது அவர் சொன்னதற்குப் பிந்தியது, சொன்னது இறந்தகாலம். பெய்யோ சொன்ன 'இறந்தகாலத்துக்குப் பிந்தியது' இதுதான். தமிழ் மாணவர் இயல்பாக 'தீஹோ கே யெகரே' என்று எழுதுவார். அது இலக்கணப்படி நிற்கக்கூடிய வாக்கியம். பொருள் மட்டும் கவிழ்ந்துவிடும், வரப்போவது மாமா அல்ல, எழுதுகிறவர் என்று ஆகிவிடும். இந்தப் பிழை ஆங்கிலவழி மாணவருக்கு வராது. தமிழ் மாணவருக்கு ஆண்டுக்கணக்கில் வரும். அதற்குத் தனிப் பயிற்சி தேவை: செய்தியைக் கேட்டு, 'என்று' இல்லாமல் தன் சொல்லில் மாற்றிச் சொல்வது.

இனி 'ஆல்'. இந்தப் பாடத்தின் கடினமான பகுதி இதுவே. 'மழை பெய்தால் பூம்பாறைக்குப் போகமாட்டேன்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எப்போதும் சொல்லலாம். மேகம் கறுத்துக்கொண்டு வரும் அக்டோபரிலும் சொல்லலாம், வானம் வெளுத்த பிப்ரவரியிலும் சொல்லலாம். மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பேசுபவர் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிஷ் அந்தச் சலுகையைத் தராது. தமிழின் 'ஆல்' செய்யும் வேலையை அங்கே 'சி' என்ற சொல் செய்யும். மழை வரக்கூடியதுதான் என்றால் 'சி யுவேபே' என்ற நிகழ்காலமும் அதன் பின் எதிர்காலமும். வராது, சும்மா நினைத்துப் பார்க்கிறேன் என்றால் 'சி யொபியேரா' என்ற விழைவுப்பாங்கும் அதன் பின் நிபந்தனை வடிவமும். வாயைத் திறப்பதற்கு முன் உலகம் எப்படிப்பட்டது என்று மாணவர் முடிவெடுத்தாக வேண்டும். விகுதிப் பட்டியலை எத்தனை முறை எழுதினாலும் இந்த முடிவெடுக்கும் பழக்கம் வராது. ஒரே தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, இரண்டு வெவ்வேறு மாதங்களில் சொல்லப்பட்டதாக இரண்டு ஸ்பானிஷ் வாக்கியங்கள் எழுதச் சொல்வது பயன் தரும்.

ஆனாலும் இங்கே தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் ஆழமான ஓர் ஒற்றுமை இருக்கிறது. தொல்காப்பியம் வினையெச்சங்களை அடுக்கும்போது 'செயின்' என்ற வாய்பாட்டைத் தருகிறது. பகுதியோடு நேரே 'இன்' சேர்ந்த வடிவம். பின்னால் வழக்கில் மேலோங்கிய 'செய்தால்' இறந்தகால அடியின் மேல் 'ஆல்' ஏறி உண்டானது. நாளை நடக்கவேண்டிய மழைக்கும் 'பெய்த்' என்ற இறந்தகால அடி! ஸ்பானிஷின் 'சுபியேரா'வும் அப்படியே. 'ஏறினார்கள்' என்ற இறந்தகாலச் 'சுபியேரோன்' வடிவத்திலிருந்து கடைசி 'ரோன்' நீங்கி 'ரா' சேர்ந்தால் அது கிடைக்கும். இல்லாததைச் சொல்ல இரண்டு மொழிகளும் இறந்தகாலத்தின் கதவைத் தட்டியிருக்கின்றன. 'ஏறினால்' என்று சொல்லும்போது உள்ளே 'ஏறின' இருப்பதைக் கவனிக்கச் சொன்னால், 'சி'க்குப் பின் ஏன் சுபிரீயா வரக்கூடாது என்பது மாணவருக்கு விதியாக இல்லாமல் உணர்வாகவே பதியும்.

கைகூடாமல் போனதற்கும் இணை உண்டு. 'பாதை சரியாமல் இருந்திருந்தால் நேற்றே வந்திருப்பேன்.' வினையெச்சத்தோடு 'இரு' சேர்ந்து, அதன் மேல் எதிர்கால விகுதி. ஸ்பானிஷில் 'அப்ரீயா யெகாதோ': 'அபேர்' வினையின் நிபந்தனை வடிவமும் முடிந்ததைச் சொல்லும் எச்சமும். வரிசை தலைகீழ், கட்டுமானம் ஒன்று. 'வந்திருப்பேன்' சொல்லத் தெரிந்தவருக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

விருப்பத்தைச் சொல்லும் 'குஸ்தார்' வினையில் தமிழர் யாருக்கும் பின்தங்கமாட்டார். ஆங்கிலத்தில் நான் விரும்புகிறேன். தமிழில் எனக்குப் பிடிக்கிறது. ஸ்பானிஷும் 'மே கூஸ்தா', எனக்குப் பிடிக்கிறது. பிடித்த பொருளே எழுவாய், எனக்கு என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலவழி மாணவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இந்த அமைப்பு தமிழருக்கு வீட்டுப் பேச்சு. அதன் நிபந்தனை வடிவமான 'மே குஸ்தரீயா' ஸ்பானிஷ் உலகின் மரியாதைக் கோரிக்கைகளில் முதன்மையானது. 'மே குஸ்தரீயா சுபீர்' என்றால் ஏறிப் பார்க்க ஆசை என்று பணிவாகச் சொல்வது. தமிழில் பணிவு பெரும்பாலும் விகுதியிலும் கேள்வியிலும் இருக்கிறது. 'கொஞ்சம் வழி விடுறீங்களா' என்று கேட்போம். ஸ்பானிஷில் 'உஸ்தெத்' என்ற மரியாதைப் பெயர் படர்க்கை வினையை ஏற்கும், அதன் மேல் நிபந்தனை வடிவம் இன்னொரு படி பணிவைச் சேர்க்கும். 'தெபெரீயாஸ் கொமேர்', நீ சாப்பிட்டால் நல்லது என்ற அறிவுரையும் இதே ஒழுங்கு வினைகளில் அடங்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஸ்பானிஷும் தமிழும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் மொழிகள். ஆனால் தமிழில் 'ஏறுவேன்', 'ஏறுவான்' என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடும். சுபிரீயா நானா, அவனா? வடிவம் சொல்லாது. இந்த ஒரு காலத்தில் மட்டுமாவது 'யோ', 'எல்' என்ற பெயர்களைச் சேர்க்கும் பழக்கம் தமிழ் மாணவருக்கு வேண்டும்.

அயல்மொழி வினையைத் தன் மொழிப் பெட்டிகளில் போட்டுப் பார்க்கும் வேலை இந்த மண்ணுக்குப் பழையது. போர்ச்சுக்கலில் பிறந்த அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் இருந்தபடி போர்த்துக்கீசியத்தில் எழுதிய தமிழ் இலக்கணம், லத்தீன் இலக்கண மரபின் வினைப்பாங்குகளைக் கொண்டு தமிழ் வினைகளை வரிசைப்படுத்தியது. அந்தக் கையெழுத்துப்படியை ஜீன் ஹைன், வெ.சு. ராஜம் இருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்கள். வீரமாமுனிவர் 1728இல் முடித்துத் தரங்கம்பாடியில் 1738இல் அச்சான கொடுந்தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டது. அவர்கள் தங்கள் மொழியை அளவுகோலாக வைத்தார்கள், பொருந்தாத இடத்தைக் குறித்துக்கொண்டார்கள், தமிழ் கற்றார்கள். அதே உரிமையைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் வகுப்பில் மறுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. 'ஏறுவேன்' என்பதை அளவுகோலாகக் கரும்பலகையில் எழுதித் தொடங்கட்டும்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக ஓதிய பிரான்சிஸ் சவேரியார் நவார்ரா நாட்டுக்காரர். இன்றைய நவார்ராவிலும் பாஸ்க் பகுதியிலும் அண்டைய பூர்கோஸிலும் மக்கள் பேசும்போது, 'சி'க்குப் பின் விழைவுப்பாங்கு வரவேண்டிய இடத்தில் நிபந்தனை வடிவத்தையே வைத்துச் 'சி தெந்த்ரீயா' என்பார்கள். இலக்கண நூல்கள் இதை ஏற்கவில்லை, பள்ளியில் திருத்துகிறார்கள், ஊரில் பேச்சு நிற்கவில்லை. பழநி மலை மாணவர் தேர்வில் விழைவுப்பாங்கில் 'சி துபியேரா' என்றே எழுத வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆனால் ஆசிரியர் அந்தத் தாளில் 'சி தெந்த்ரீயா' கண்டால், 'ஸ்பானிஷில் யாருமே இப்படிச் சொல்லமாட்டார்கள்' என்று எழுதித் தரக்கூடாது. சவேரியார் பிறந்த ஊரில் இப்படிப் பேசுகிறார்கள், எழுத்தில் மட்டும் வேறு வடிவம் வேண்டும் என்று எழுதித் தரலாம்.